ரோட்டை நனைத்தவர்கள்

ஸ்ட்ரெதம்
ஆகஸ்ட் 12

மெற்றில்டா அக்காவுக்கு,

'அன்புள்ள' என்று தொடங்கித் தொடங்கித் தாள்களைக் கிழித்துப் போட்டேன். அந்தச் சொல்லை விட்டால்தான் கை ஓடுகிறது. ஆகவே விட்டுவிட்டேன்.

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று யோசிப்பீர்கள். உங்கள் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறேன். உங்கள் குரலைக் கேட்டால் எனக்கு அழுகை வரும். நான் அழுதால் கோபம் ஆறிவிட்டது என்று நினைத்துக்கொள்வீர்கள். ஆறவில்லை.

மகள் விதுஷாவின் வீட்டில், சாமான் அடுக்கிவைக்கும் சின்ன அறையில் படுக்கிறேன். வட லண்டனில், எட்மண்டனில் அந்தத் தெருவில் இருபது வருடத்துக்கு மேல் தலை நிமிர்ந்து நடந்தவள், பால் வாங்கக் கடைக்குப் போகவும் பயந்து, ஒரு பையோடு இங்கே வந்து கிடக்கிறேன்.

நடந்ததை உங்களுக்கே நான் எழுதிக் காட்டவேண்டியிருக்கிறது. ஏனென்றால் முன்வீட்டுப் போலினுக்கு நீங்கள் சொன்ன கதையில் நடந்தது எதுவுமே இல்லை.

தேர் அன்று காலையிலேயே வெயில் கொளுத்தியது. வழமையாகத் தேருக்கு முன்னால் தண்ணீர்ப் பவுசர் வந்து ரோட்டை நனைத்துக்கொண்டு போகும். இந்த முறை மழை இல்லாமல் தண்ணீர்த் தடை, ரப்பர் ஹோஸ்கூடப் பிடிக்கக்கூடாது, பவுசரும் வராது என்று கோயிலில் கடைசி நேரத்தில்தான் சொன்னார்கள். என் மகன் யனுஷன் பிரதட்டை அடிக்க நேர்ந்திருந்தது உங்களுக்குத் தெரியும். போன வருடம் எனக்கு மார்பில் புற்றுநோய்க்கு ஒப்பறேசன் நடந்தபோது, அம்மா பிழைத்தால் தேருக்குப் பின்னால் தெரு முழுக்க உருண்டு வருவேன் என்று நேர்ந்த பிள்ளை. கம்பியூட்டருக்கு முன்னால் இருந்தே வளர்ந்த உடம்பு. நான் குனிந்து தார் ரோட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். வைத்திருக்க முடியவில்லை. மேற்சட்டை இல்லாமல் அதிலே உருளப்போகிறான்.

உங்கள் கேற்றடியில் வந்து நின்று, ரோட்டுச் சுடுகிறது என்று மட்டும்தான் சொன்னேன். ஹோஸ் தாருங்கள் என்று நான் கேட்கவில்லை. நீங்கள்தான் சொன்னீர்கள்: "நகுலேஸ், என்ரை மனுசன்ரை ஹோஸ் கிடக்குது. ரோட்டு மட்டும் எட்டும். நீர் பிடியும், நான் பைப்பைத் திறந்துவிடுறன்."

நான் பிடித்தேன். நீங்கள் திறந்தீர்கள். திறந்துவிட்டு உள்ளே போய் ஜன்னல் சீலைக்குப் பின்னால் நின்றீர்கள். சீலை அசைந்ததை நான் கண்டேன்.

மற்றதெல்லாம் தெருவே பார்த்தது. ஊதாப் பட்டுச்சேலையோடு நான் ரோட்டுக்குத் தண்ணீர் அடிக்கிறேன், அதுவும் சிரித்துக்கொண்டு. கால் நனைந்ததில் வந்த சிரிப்பு. யாரோ மேல்மாடியிலிருந்து வீடியோ எடுத்துத் தெரு வாட்ஸ்அப்பில் போட்டு, அங்கிருந்து அது எங்கெங்கோ போய்விட்டது. எங்கள் பிள்ளைகள் குளிக்கும் பிளாஸ்ரிக் தொட்டியைக்கூட நிரப்பவில்லை, இவள் ரோட்டைக் கழுவுகிறாள் என்று ஒருத்தி எழுதியிருந்தாள். அவள் எழுதியதில் பிழை இல்லை. அதற்கு நான் தலை குனிகிறேன்.

ஆனால் கேளுங்கள். ஒரு மன்னிப்புக் கேட்போம் என்று யனுஷன், இடுப்பில் தோல் உரிந்த காயத்தோடு, போலினின் கதவைத் தட்டியிருக்கிறான். அவ அன்பாகத்தான் பேசினாவாம். "உன் அம்மா மெற்றில்டாவிடம் கேட்டுவிட்டு எடுத்திருக்கலாம், பாவம் அவ பூசைக்குப் போயிருந்த நேரம் பார்த்து எடுத்துவிட்டாவாமே" என்றாவாம்.

என் பிள்ளை வீட்டுக்கு வந்து என்னிடம் கேட்ட முதல் கேள்வி: "அம்மா, கேக்காமலோ எடுத்தனீங்கள்?"

தண்ணீரை வீணாக்கியவள் என்றால் நான்தான். கள்ளி என்றால் நான் இல்லை. யனுஷன் வீட்டை விற்றுவிடுவோம் என்கிறான். நான் இன்னும் ஓம் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. என் வீட்டுப் பூட்டின் மாற்றுத் திறப்பு உங்களிடம் இருக்கிறது. தபாலில் அனுப்பிவிடுங்கள்.

நகுலேஸ்வரி


எட்மண்டன்
ஆகஸ்ட் 17

நகுலேஸ்,

ஆண்டவர் உம்மையும் பிள்ளைகளையும் காப்பாற்றட்டும். உம்முடைய கடிதம் வந்த அன்று அதைப் பிரிக்காமல் மாதா படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுச் சமைத்தேன். பிறகுதான் வாசித்தேன். சமைத்ததைச் சாப்பிடவில்லை.

திறப்பை இப்போதைக்கு அனுப்ப ஏலாது. கோபிக்காதேயும். உம்முடைய பின்வளவில் பாகல் காய்க்கத் தொடங்கிவிட்டது. மிளகாயும் பூத்துக் கிடக்கிறது. தொட்டிக் கறிவேப்பிலையை ஒரு நாள் விட்டால் இலை கொட்டிவிடும். ஹோஸால்தான் அடிக்கக்கூடாது, வாளியால் ஊற்றலாமாம். அரிசி கழுவிய தண்ணீர், நான் குளிக்கும்போது கீழே பேசின் வைத்துப் பிடித்த தண்ணீர், எல்லாம் உம்முடைய மரங்களுக்குத்தான் போகிறது. என் முன்வளவுப் புல்லு காய்ந்து கோதுமைப் பிட்டு நிறத்தில் கிடக்கிறது. அது காயட்டும். இந்தத் தெருவில் இப்போது புல்லுப் பச்சையாக இருந்தால்தான் வெட்கம்.

நீர் போன பிறகு தெருவைப் பார்க்கவேண்டும். ஆளுக்காள் மற்றவனின் புல்லைப் பார்த்துக்கொண்டு நடக்கிறார்கள். மூலைவீட்டுக்காரன் போட்டிருப்பது பிளாஸ்ரிக் புல்லு. அவன் களவாகத் தண்ணீர் விடுகிறான் என்று யாரோ குறூப்பில் எழுத, பாவம் மனுசன் 'இது பிளாஸ்ரிக்' என்று ஒரு மட்டையில் எழுதி நட்டு வைத்திருக்கிறான். கார் கழுவாதவன்தான் இப்போது பெரிய மனுசன். ஊத்தைக் காரைப் படம் பிடித்துப் போட, மற்றவர்கள் கைதட்டுகிறார்கள். என் மனுசன் றெஜினோல்ட் இருந்திருந்தால் இதற்குச் சம்மதித்திருக்கமாட்டார். வாடகைக்கு ஓட்டிய மினிகாப்பை ஒவ்வொரு காலையும் கழுவத்தானே அந்த முன்பக்கப் பைப்பையே பூட்டுவித்தவர்.

போலினுக்கு நான் சொன்னது பற்றி எழுதியிருந்தீர். அவ கேட்டது, அந்த ஹோஸ் உன்னுடையதா என்று. நான் பூசைக்குப் போயிருந்தேன் என்று சொன்னேன். அது பொய் இல்லை. அன்று பின்னேரம் பூசைக்குப் போனேன்தானே. மிச்சத்தை அவவாக விளங்கிக்கொண்டா. உம்மைச் சொல்லி, கேட்காமல் எடுத்துவிட்டாவா என்று கேட்டா, நான் தலையை ஒரு மாதிரி ஆட்டினேன். எங்கட ஆக்கள் தலை ஆட்டுவது ஓமா இல்லையா என்று வெள்ளைக்காரருக்கு எங்கே விளங்கப்போகிறது.

இதை எழுதிவிட்டு வாசித்துப் பார்க்க எனக்கே சீ என்று இருக்கிறது. வெட்டினால் கடிதம் அசிங்கமாகிவிடும், இருக்கட்டும்.

அவ வந்து நின்றபோது கையில் என்ன வைத்திருந்தா தெரியுமா? கோப்பை கழுவும் பேசின். அதில் சவர்க்காரத் தண்ணீர். அவவுடைய மனுசன் சாகிறதற்கு முதல் நட்ட ரோசாச் செடிக்கு ஊற்றக் கொண்டுபோகிற வழியில் நின்று என்னைக் கேட்டா. அந்தப் பேசினைப் பார்த்துத்தான் தலையை ஆட்டினேன். எண்பது வயது மனுசி ஒரு செடிக்காகப் பேசின் தூக்குகிறா, நான் ரோட்டுக்குத் திறந்துவிட்டேன். அந்த நேரத்தில் உம்முடைய மகனின் முதுகு என் ஞாபகத்தில் வரவில்லை. அதுதான் உண்மை.

நீர் போனை எடுத்தால் நல்லது. எழுத எனக்குக் கை நோகிறது.

மெற்றில்டா


ஸ்ட்ரெதம்
ஆகஸ்ட் 22

மெற்றில்டா அக்காவுக்கு,

பாகற்காய் எனக்கு வேண்டாம். பறித்து உங்கள் சேர்ச் ஆக்களுக்குக் கொடுங்கள். தலையை ஒரு மாதிரி ஆட்டினீர்களாம். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துவிட்டேனே என்று பிறகு இன்னும் கோபம் வந்தது.

உங்களோடு எத்தனை பெரிய வெள்ளிக்கு உங்கள் கோயிலுக்கு வந்திருக்கிறேன். எனக்கு விளங்கிய மட்டில், அங்கே நெருப்புக் காய்ந்துகொண்டு நின்று, பிடிபட்ட தன் குருவைப் பற்றி, அந்த மனுசனை எனக்குத் தெரியவே தெரியாது என்று சேவல் கூவ முதல் மூன்று தரம் சொன்ன ஒருவரின் கதை வரும். அந்த இடம் வரும்போது நீங்கள் கண்ணைத் துடைப்பீர்கள். இந்த வருடமும் துடைத்தீர்கள். பக்கத்தில் இருந்த நான் கண்டேன்.

கோயிலும் என்னைக் கைவிட்டுவிட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அடுத்த வெள்ளிக்கிழமை பூசை முடிய, தலைவர் மைக்கைப் பிடித்து, தடையை மீறியது ஒரு தனிப்பட்ட ஆளின் வேலை, ஆலயத்துக்கு அதில் ஒரு சம்பந்தமும் இல்லை என்று அறிவித்தாராம். யாருடைய தேர் வந்தது? யாருடைய பிள்ளைகள் உருண்டார்கள்? அந்த ஈரத்தில் என் மகன் மட்டுமா உருண்டான்? பின்னால் வந்த அத்தனை பேரும் எங்கள் இரண்டு வீட்டுக்கு முன்னாலும் வந்த இடத்தில் 'அப்பாடா' என்று மூச்சு விட்டார்கள். அவர்களில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

யனுஷனின் கதை அதைவிடக் கேவலம். ஒபிசில் சாப்பிடுகிற நேரம், கூட வேலை செய்யும் ஒரு பெட்டை போனை நீட்டி அந்த வீடியோவைக் காட்டினாளாம். அது தன் அம்மா என்று அவன் சொல்லவில்லை. எல்லாரும் சிரிக்க அவனும் சிரித்தானாம். இதை இங்கே இரவுச் சாப்பாட்டுக்கு வந்த இடத்தில் என்னிடம் சொல்லிவிட்டுத் தட்டைத் தள்ளி வைத்தான். எனக்காக முதுகு உரிய உருண்ட பிள்ளை, என்னைத் தெரியாதது போலச் சிரித்திருக்கிறான். நான் அவனை ஏசவில்லை. என்ன சொல்லி ஏசுவது? தான் செய்த வெட்கக்கேட்டை அவனாவது வாய் திறந்து சொன்னான்.

வீடு விற்கிற ஆள் அடுத்த மாதம் வந்து படம் எடுக்கப்போகிறான். நான் ஓம் சொல்லிவிட்டேன். பின்வளவைப் பற்றிக் கவலைப்படவேண்டாம். வாங்குகிறவன் எப்படியும் சீமெந்து போடுவான்.

திறப்பை அனுப்புங்கள்.

நகுலேஸ்வரி


எட்மண்டன்
ஆகஸ்ட் 29

நகுலேஸ்,

நீர் அந்த நெருப்புக் காய்ந்த கதையை எழுதியது என் நெஞ்சில் குத்தியது. குத்தவேண்டும் என்றுதானே எழுதினீர். குத்திவிட்டது, போதும்.

உம்மிடம் ஒளிக்க எனக்கு இனிப் பெலன் இல்லை. இரண்டாம் தரமும் மறுத்துவிட்டேன். கேளும்.

செவ்வாய்க்கிழமை தண்ணீர்க் கொம்பனியிலிருந்து ஒரு பெட்டை வந்தாள். நல்ல பிள்ளை, வெயிலில் முகம் சிவந்திருந்தது. வாசற்படியில் இருத்தித் தேசிக்காய்த் தண்ணீர் கொடுத்தேன். அவள் உம்முடைய வீட்டுக்கு வரவில்லை, நேரே என் வீட்டுக்குத்தான் வந்தாள். ஏன் இங்கே வந்தாய் பிள்ளை என்று கேட்டேன். போனைத் தட்டி ஒரு ஈமெயிலை வாசித்துக் காட்டினாள். அதை விடும். வாசித்துவிட்டு, இந்த முன்பக்கப் பைப்பும் ஹோஸும் உங்களுடையவையா என்று கேட்டாள்.

நகுலேஸ், ஹோஸ் அவள் காலடியில்தான் கிடந்தது. பச்சை ஹோஸ். றெஜினோல்ட் கிழிந்த இடத்தில் கறுப்பு ரேப் சுற்றியது. நான் அதைப் பார்த்துக்கொண்டே, இது எனக்குத் தெரியாது, யாரோ போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள் என்றேன். அவளும் அதைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். ஒன்றும் எழுதவில்லை. தண்டம் அறவிட வரவில்லை, எடுத்துச் சொல்லத்தான் வந்தேன் என்றாள். தேசிக்காய்த் தண்ணீருக்கு நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டாள். என்னைச் சிறையிலா போடப்போகிறார்கள்? ஒன்றுமே செய்யப்போவதில்லை என்று தெரிந்த பிறகும் எனக்கு உண்மை வாயில் வரவில்லை.

அவள் போன பிறகு அந்த ஹோஸை இழுத்துச் சுற்றி வீட்டுக்குள் கொண்டுவந்து குசினியில் வைத்தேன். இன்னும் அங்கேதான் இருக்கிறது. சமைக்கும்போது அதில் கால் தட்டுகிறது.

நான் ஏன் இப்படியானேன் என்று யோசித்தேன். இந்தத் தெருவுக்கு நாங்கள் வந்த காலத்தில் றெஜினோல்டும் நானும்தான் தமிழர். எங்கள் குப்பைத் தொட்டியின் மூடியைத் திறந்து பார்க்கும் ஆட்கள் இருந்தார்கள். கறி மணக்கிறது என்று ஜன்னலைச் சாத்துவார்கள். நான் படியைக் கழுவிக் கழுவி, பூ நட்டு, நத்தார்ப் பண்டிகைக்குக் கேக் கொடுத்துக் கொடுத்து, 'மெற்றில்டா நல்லவள்' என்று அவர்களைச் சொல்லவைத்தேன். அந்த ஒரு சொல்லுக்காக முப்பது வருடம் உழைத்திருக்கிறேன், நகுலேஸ். வீடியோ வந்த அன்று, அது போகப்போகிறது என்று பயந்தேன். அது போகாமல் இருக்க உம்மைக் கொடுத்துவிட்டேன்.

உமக்கு ஒப்பறேசன் நடந்த அன்று நானும் ஊரில் இருக்கிற மடு மாதாவிடம் நேர்ந்தேன். அதை உமக்கு நான் சொன்னதில்லை. உம்முடைய மகன் உருளும்போது அந்த வழியை நான் நனைத்தால் என் நேர்த்தியும் தீரும் என்று நினைத்துத்தான் பைப்பைத் திறந்தேன். நல்ல மனதோடு செய்த ஒன்றையே இல்லை என்று சொல்லிவிட்டேன். மாதாவின் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருக்கிறது. படத்தைத் திருப்பி வைக்கவும் பயமாக இருக்கிறது.

வீட்டை விற்கவேண்டாம். இது நான் கேட்கக்கூடிய விடயம் இல்லை என்று தெரியும். கேட்கிறேன்.

மெற்றில்டா


ஸ்ட்ரெதம்
செப்டெம்பர் 3

அக்கா,

இது சின்னக் கடிதம். விதுஷா வேலைக்குப் போகும் வழியில் தபாலில் போடவேண்டும், வாசலில் நின்று அவசரப்படுத்துகிறாள்.

நீங்கள் எழுதியதை வாசித்தேன். மடு மாதா பற்றி எழுதியதை இரண்டு மூன்று தரம் வாசித்தேன்.

அந்தப் பெட்டை வாசித்த ஈமெயில் யார் எழுதியது? அதில் என்ன இருந்தது? 'அதை விடும்' என்று எழுதினால் நான் எப்படி விடுவது? முழுவதையும் வாசித்தாளா, இல்லை உங்கள் வீட்டு நம்பரை மட்டுமா? என் பேர் அதில் வந்ததா? பதில் எழுதும்போது இதை மறக்காமல் எழுதுங்கள். எனக்குத் தெரியவேண்டும்.

வீட்டு விசயத்தில் மாற்றம் இல்லை. பத்தொன்பதாம் திகதி படம் எடுக்க வருகிறார்கள்.

நகுலேஸ்வரி


எட்மண்டன்
செப்டெம்பர் 9

நகுலேஸ்,

முதலில் உம்முடைய பின்வளவு. கறிவேப்பிலை பிழைத்துவிட்டது. பாகற்காயைப் பறித்துச் சேர்ச்சுக்கு வரும் பெனிற்றாவுக்குக் கொடுத்தேன், வறுத்துச் சாப்பிட்டாளாம். நீர் சொன்னபடிதான் செய்தேன்.

இரண்டாவது, ஞாயிற்றுக்கிழமை நடந்தது. வேறு யாரும் சொல்ல முதல் நானே சொல்லவேண்டும்.

தடையை நீட்டப்போகிறார்களாம் என்று கதை வந்ததும் தெருக்காரர் எல்லாரும் போலினின் முன்வளவில் கூடினார்கள். கதிரை போட்டு, தேத்தண்ணி, பிஸ்கற். யார் வயதான ஆட்களுக்குத் தண்ணீர் தூக்கிக் கொடுப்பது, ஹோஸ் பாவிக்கிறவர்களை யார் கொம்பனிக்குப் போன் எடுத்து அறிவிப்பது என்று பேச்சு. அறிவிக்கிற வேலை வேண்டாம், ஆளை ஆள் காட்டிக்கொடுத்துத் தெருவில் சீவிக்க ஏலாது என்று சிலர் சொன்னார்கள். அப்போது அந்தப் பிளாஸ்ரிக் புல்லுக்காரன் எழும்பி, என்னைச் சும்மா குற்றம் சொன்னீர்கள், நாற்பத்துமூன்றாம் நம்பர்க்காரி அடுத்த வீட்டு ஹோஸையே எடுத்து அடித்தாளே, அவளுக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்டான். அவனுக்கு அவனுடைய நோவு. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். போலின் என் கையைத் தட்டி, பாவம் மெற்றில்டா என்றா.

மூன்றாம் தரம் கேட்கிறார்கள் என்று எனக்கு விளங்கியது. சேவல் ஒன்றுதான் குறை.

எழும்பினேன். ரோட்டைக் கடந்து என் வீட்டுக்குப் போனேன். பயந்து போகிறேன் என்று நினைத்திருப்பார்கள். நானும் கதவைப் பூட்டிவிட்டு இருந்துவிடலாமா என்று ஒரு நிமிசம் குசினியில் நின்றேன். ஹோஸ் காலில் தட்டியது. தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி வந்து போலினின் காய்ந்த புல்லில் போட்டேன். சரியான பாரம், மூச்சு வாங்கியது. என் இங்கிலிஷ் உமக்குத் தெரியும். தமிழில் எழுதினால் நான் சொன்னது இவ்வளவுதான்: "இது என்ரை ஹோஸ். பைப்பும் என்ரை. திறந்ததும் நான். அவ கேக்கக்கூட இல்லை, நானாத்தான் குடுத்தனான். பிறகு பயத்தில உங்களுக்குப் பொய் சொன்னனான். அவ கள்ளி இல்லை."

ஒருவரும் கைதட்டவில்லை. தட்டுவார்கள் என்று நான் நினைக்கவும் இல்லை. யாரோ ஒருவன் போனைத் தூக்கிப் பிடித்திருந்தான். முப்பது வருடமாக நல்லவள் போல நடித்தாயா என்று ஒருத்தி கேட்டாள். போலின் என்னைப் பார்க்காமல் கோப்பைகளை அடுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டா. நான் ஹோஸை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். குறூப்பில் இப்போது என்னைப் பற்றித்தான். வாசிப்பதில்லை. காலையில் படியில் நின்றால் வணக்கம் சொல்ல ஆள் இல்லை. உமக்கு எப்படி இருந்திருக்கும் என்று இப்போதுதான் விளங்குகிறது.

நேற்றுப் போலின் வந்தா. கையில் அதே பேசின். உள்ளே வரமாட்டேன் என்று படியில் இருந்தா. அந்தப் பையன் ஏன் ரோட்டில் உருண்டான் என்று கேட்டா. உம்முடைய ஒப்பறேசனைச் சொன்னேன், நேர்த்தியைச் சொன்னேன். அவவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. சட்டை போட்டுக்கொண்டு உருண்டிருக்கலாமே என்றா. ஆனால் இருந்து முழுவதையும் கேட்டா. தன் மனுசனுக்கும் புற்றுநோய் வருத்தம்தான், அவர் பிழைக்கவில்லை என்றா. பிறகு, தான் உம்மிடம் பேசவேண்டும் என்றா. கோபத்திலா அன்பிலா என்று எனக்குத் தெரியவில்லை, கேட்கவும் இல்லை.

திறப்பை இத்துடன் வைத்திருக்கிறேன். இனி அதைப் பிடித்து வைத்திருக்க எனக்கு உரிமை இல்லை. வாளியை வேலிக்கு மேலால் தூக்கி ஊற்றிக்கொள்வேன்.

நீர் கேட்ட ஈமெயில் விசயம் எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை. அந்தப் பெட்டை இங்கிலிஷில் வேகமாக வாசித்தாள்.

மெற்றில்டா


ஸ்ட்ரெதம்
செப்டெம்பர் 14

அன்புள்ள அக்கா,

உங்களுக்கு ஞாபகம் இருக்கிறது. வேகமாக வாசித்தால் விளங்காத இங்கிலிஷ் இல்லை உங்களுடையது. முப்பது வருடம் ஆஸ்பத்திரிக் குசினியில் வேலை செய்தவர் நீங்கள்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோவை யனுஷன் கொண்டுவந்து காட்டினான். ஹோஸைத் தோளில் போட்டுக்கொண்டு நீங்கள் ரோட்டைக் கடப்பதிலிருந்து இருக்கிறது. அவன் அதைத் தன் ஒபிசில் அந்தப் பெட்டைக்கும் காட்டி, முதல் வீடியோவில் இருப்பது என் அம்மா, இது எங்கள் மெற்றில்டா அன்ரி என்று சொன்னானாம். சொல்லிவிட்டு வந்து நன்றாகச் சாப்பிட்டான். நான் சாப்பிடவில்லை.

யனுஷன் கோயில் தலைவரிடம் கேட்டு, அவர் கொம்பனிக்கு எழுதிய அந்த ஈமெயிலை எடுப்பித்திருக்கிறான். அம்மாவை ஏன் கைவிட்டீர்கள் என்று சண்டை பிடிக்கப் போனவன். அவர் அதைக் காட்டியிருக்கிறார். நானும் வாசித்தேன். கொம்பனிப் பெட்டை உங்களுக்கு வாசித்தது இதுதான், நான் சொன்னது சொல்லுக்குச் சொல் இருக்கிறது.

தேர் அன்று பின்னேரமே தலைவர் எனக்குப் போன் எடுத்தார். கோயிலுக்கு முறைப்பாடு வந்திருக்கிறது, கொம்பனிக்குப் பதில் எழுதவேண்டும், என்ன நடந்தது என்று கேட்டார். அவர் குரலைக் கேட்டதும் எனக்குப் பயம் பிடித்துவிட்டது. நான் சொன்னேன்: "பக்கத்து வீட்டு வேதக்கார மனுசிதான் ஹோஸைத் தந்து பைப்பையும் திறந்துவிட்டவ. நான் வேண்டாம் எண்டனான். என்ரை கையில திணிச்சுப்போட்டுப் போயிட்டா." உங்கள் வீட்டு நம்பரையும் நான்தான் கொடுத்தேன்.

சமயத்தைச் சொல்லி வேதக்கார மனுசி என்றேன், அக்கா. ஒப்பறேசனுக்குப் பிறகு என் தலையைக் கழுவி, தலைமயிர் கொட்டியதை நான் காணாமல் பொறுக்கி எறிந்த உங்களுக்கு ஒரு பேர் இருக்கிறது. அந்தப் பேரைக்கூட நான் சொல்லவில்லை.

நீங்கள் போலினிடம் தலையை ஆட்டியது அடுத்த நாள். நான் சொன்னது அதற்கு முதல் நாள். உங்களுக்கு முதலே நான் உங்களைக் கொடுத்துவிட்டேன். கொடுத்துவிட்டு, பெரிய வெள்ளிக் கதையை உங்களுக்கே எடுத்து எழுதினேன். நான் எழுதிய முதல் கடிதத்தை நினைக்க நினைக்க உடம்பு கூசுகிறது. ஒரு பொய்யும் இல்லாமல் நடந்ததை எழுதிவிட்டு, அதில் என்னுடையதை மட்டும் விட்டிருக்கிறேன்.

அந்தப் பெட்டை வாசித்த நாளிலிருந்து உங்களுக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் 'அதை விடும்' என்று எழுதினீர்கள். தெரிந்துகொண்டுதான் கறிவேப்பிலைக்கு வாளி தூக்கினீர்கள். தெரிந்துகொண்டுதான் எல்லாருக்கும் முன்னால் நின்று, அவ கேட்கக்கூட இல்லை என்று சொன்னீர்கள். என்னையும் ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நீங்கள் என்னை ஏசியிருந்தால் எனக்கு இவ்வளவு வெட்கமாக இருந்திராது.

வீடு விற்கிற ஆளை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சனிக்கிழமை பகல் வருகிறேன். யனுஷன் காரில் கொண்டுவந்து விடுவான், ஊத்தைக் கார்தான், பயப்படவேண்டாம். முதலில் போலினிடம் போய்த் தலைவருக்கு நான் சொன்னதையும் சொல்லப்போகிறேன். பிறகு திறப்பை உங்கள் கையில் திருப்பித் தரவேண்டும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். நான் தட்டியதும் ஓடி வந்து கதவைத் திறந்துவிடாதீர்கள். உங்கள் பழக்கம் எனக்குத் தெரியும், சீலைக்குப் பின்னால்தான் நிற்பீர்கள். கொஞ்ச நேரம் அங்கேயே நில்லுங்கள். நான் உங்கள் வாசலில் நிற்பதைத் தெரு முழுக்கப் பார்க்கட்டும்.

நகுலேஸ்